சீலைப் போர்வைக்கு மரத்தாங்கி: செய்யக்கூடாத சில காரியங்கள்

அம்மம்மாவின் சீலைகளை வெட்டித் தைத்த போர்வை இருக்கிற வீடுகள் வன்னியில் அதிகம் இல்லை. 2008, 2009 இடப்பெயர்வுகளில் பெட்டி பெட்டியாகத் துணிகளை விட்டுவிட்டுத்தான் சனம் நடந்தது. கையோடு வந்த ஒன்றிரண்டு சீலைகளைப் பிறகு போர்வையாகத் தைத்து வைத்திருப்பவர்கள், அதை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல் ஹோலில் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் யூடியூப் பார்த்துத் தாங்களே போர்வையைப் போட்டு வைக்கிற மரத்தாங்கி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே பிழைகள் வீட்டுக்கு வீடு திரும்பி வருகின்றன.

அளவு பிசகுவது, மூலைமட்டம் பிடிக்காமல் அறுப்பது எல்லாம் கை பழகப் பழகத் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுகிறேன். துணியைக் கெடுக்கிற பிழைகளைத்தான் சொல்ல வேண்டும்.

பச்சை மரம்

மரக்காலையில் நேற்று அறுத்த பலகையை இன்று சீவாதீர்கள். ஐப்பசியிலிருந்து தை வரை ஈரத்தில் ஊதி நிற்கும் மரம், ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சுருங்கிவிடும். பொருத்து விலகும், கால் முறுகும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நிழலில், பலகைகளுக்கு இடையே சிறு கட்டைகள் வைத்து அடுக்க வேண்டும். முதிரை மரம் என்றால் பேர்மிட், ரசீது இல்லாமல் தொடவே வேண்டாம்.

பழைய மரத்துக்குள் இரும்பு

காய்ந்த மரம் தேடுபவர்கள் இடிந்த வீட்டு நிலை, யன்னல் சட்டம், தீராந்தி என்று வாங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்து மரத்துக்குள் போர்க்காலத்துச் செல் துண்டும் துப்பாக்கிச் சன்னமும் புதைந்து கிடக்கலாம். மேலே பார்த்தால் தெரியாது, மரம் மூடியிருக்கும். பழுதான ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகையை ஒட்டினாற்போல் மெதுவாகக் கொண்டு போங்கள். இரும்பு இருக்கிற இடத்தில் நூல் சாயும். அந்த இடத்தைச் சற்றுச் சீவிப் பார்த்தால் நார்களுக்கிடையே மை ஊறியது போல நீலம் கலந்த கருப்பு ஓடியிருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் வருகிற நிறம் அது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுங்கள். சீவுளி அலகு உடைவது ஒரு நட்டம் என்றால், மிச்சமிருக்கும் துரு துணியில் இறங்குவது அதைவிடப் பெரிய நட்டம்.

இதே காரணத்தால் போர்வை படும் இடத்தில் இரும்பு ஆணியும் கூடாது. முல்லைத்தீவுக் கடற்காற்றுக்கு அது ஒரு மாரி தாங்காது. துருக்கறை பட்ட இடத்தில் பருத்தி நூல் மெல்ல மெல்ல இற்றுப்போகும். கழுந்தும் துளையுமாகப் பொருத்துங்கள், முடியாவிட்டால் பித்தளைத் திருகாணி.

துணியை வெறும் மரத்தில் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

முள்ளியவளைப் பக்கம் ஒரு தம்பி தேக்கில் தாங்கி செய்தார். கால்களில் கடைசல், குறுக்குத் தடி உருண்டையாக, கண்ணாடி போல மினுக்கம். கனடாவில் இருந்து அக்கா வருகிறா என்று லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசி, கையில் ஒட்டாமல் காய்ந்ததும் போர்வையை மேலே போட்டுவிட்டார். அம்மம்மாவின் வெள்ளைப் பருத்திச் சீலைதான் அந்தப் போர்வையின் நடுப்பகுதி. மாரி முடிந்து எடுத்துப் பார்க்கும்போது, தடியின் அகலத்துக்கு அளந்து கீறியது போல, சீலையின் குறுக்கே தவிட்டு நிறத்தில் ஒரு பட்டை. மற்ற இடம் கைக்கு மெத்தென்று இருக்க, அந்தப் பட்டை மட்டும் மொரமொரவென்று இருந்தது. பதறிப்போய் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நனைந்த துணி பட்டையோடு கிழிந்தது. வேறு சீலைத் துண்டை வைத்து அதைத் தைத்துவிடலாம். அது அம்மம்மா உடுத்த சீலையாக இருக்காது.

ஏன் இப்படி ஆகிறது? மரம் வெட்டிப் பல வருடமானாலும் அசெற்றிக் அமிலத்தையும் போர்மிக் அமிலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அசெற்றிக் அமிலம் என்பது வினாகிரியில் இருக்கிற அதே சாமான்தான். வெக்கையும் ஈரமும் கூடினால் இதுவும் கூடும்; எங்களிடம் இரண்டுக்கும் குறைவில்லை. பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்கச் செலுலோஸ். அமிலம் அந்த நாரின் சங்கிலியை அறுக்க அறுக்கத் துணி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் ஒடியத் தொடங்கும். தேக்கு போன்ற எண்ணெய்ப் பிடிப்பான மரத்தின் சாறும் ஈர நாளில் துணிக்கு ஏறும். போதாததற்கு மேலே பூசிய எண்ணெய். லின்சீட் ஒயில் தண்ணீர் போல உலர்வதில்லை, காற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும், இறுகும்போது அதுவும் அமில ஆவியை விடும். கையில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

“வார்ணிஷ் அடித்தால் சரிதானே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். சரியில்லை. வார்ணிஷ் ஆவியை மெதுவாக்கும், நிறுத்தாது. பிளைவுட்டும், எம்டிஎஃப் என்கிற மரநார் அழுத்திய பலகையும் இன்னும் மோசம், அவற்றின் பசையில் இருந்தும் ஆவி வரும்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீர் கலந்து வரும் வகைப் பூச்சு (water-based) கிடைத்தால் அதைப் பூசுங்கள். பூசியபின் குறைந்தது ஒரு மாதம் தாங்கியைக் காற்றோட்டத்தில் வெறுமனே விடுங்கள். மூக்கை வைத்துப் பார்த்து மணம் வந்தால் இன்னும் பொறுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் அலுமினியத் தாளைக் குறுக்குத் தடியில் இறுக்கமாகச் சுற்றுங்கள், ஓரம் கீழ்ப்பக்கம் வரட்டும். ஆவியை உண்மையில் தடுப்பது அதுதான். அதன் மேல் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் தைத்துவிடுங்கள். ஒட்டும் ரேப்பும் பசையும் வேண்டாம், அவை உருகி ஊறும். வேட்டி பலமுறை தோய்த்ததாக, கஞ்சியும் நீலமும் போடாததாக இருக்க வேண்டும். கஞ்சி மணத்துக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வந்துவிடும். இடையிடையே அந்த வேட்டித் துணியைப் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் ஏறியிருந்தால், போர்வைக்குப் போக இருந்த மஞ்சளை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். தோய்த்தோ மாற்றியோ மறுபடி தையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு மினுக்கிய மரத்தைத் துணி சுற்றி மறைப்பதா என்று பிள்ளைகளுக்கு மனம் வராது. மரத்தின் அழகு கால்களிலும் பக்கச் சட்டத்திலும் தெரியட்டும். குறுக்குத் தடி போர்வைக்கு உரியது.

எண்ணெய்த் துணி

லின்சீட் ஒயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவிடுங்கள்.

மெல்லிய தடி

விரல் தடிப்பில் தடி வைத்தால் மடிப்பு கூராகி நூல் அந்த வரியிலேயே முறியும். இரண்டரை, மூன்று அங்குல விட்டம் வேண்டும். பல சீலைகளை அடுக்கித் தைத்த போர்வை நல்ல பாரம் இருக்கும், அதற்கும் தடிப்பான தடிதான் தாங்கும்.

பிவிசி குழாய்

மரத்தடிக்குப் பதிலாக இதுவும் வேண்டாம். அதிலிருந்து வருகிற ஆவியும் துணிக்கு ஆகாது.

யன்னலுக்கு எதிரே

வைக்கவே கூடாது. வெளிறிய சாயம் திரும்பி வராது.

சுவரோடு ஒட்டி வைப்பது

கறையான் சுவர் வழியாகவும் ஏறும். சுவருக்கும் தாங்கிக்கும் இடையே கை புகுந்து கூட்டுகிற அளவு இடம் விடுங்கள். கால்களை வெறும் நிலத்தில் வைக்காமல் கல்லிலோ ஓட்டிலோ ஏற்றி வையுங்கள். மண்கோடு தெரிகிறதா என்று கூட்டும்போதெல்லாம் குனிந்து பாருங்கள்.

பூச்சி உருண்டையும் வேப்பிலையும்

மடிப்புக்குள் திணிக்க வேண்டாம். காய்ந்த இலையும் கறை வைக்கும்.

ஒரே மடிப்பில் விட்டுவிடுவது

தடி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் நூல் தளரும். பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது ஒரு தரம், ஆடிப்பிறப்புக்கு ஒரு தரம் என்றாவது மடிப்பை நாலைந்து அங்குலம் நகர்த்திப் போடுங்கள். எடுக்கும்போது நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு பேர் நின்று, கைகளை அடியில் கொடுத்து, முழுப் பாரத்தையும் ஏந்தித் தூக்குங்கள்.