தண்ணீர் தெளிந்துவிட்டது, சரி. அழுக்கு எங்கே போனது?

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் வேதிப்பொருள் புழங்கும் தொழிற்கூடங்களில் கழிவுநீர்த் தொட்டி தெளிவாக இருந்தால் மேற்பார்வையாளர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். கேட்க வேண்டியதே அதற்கு அப்புறம்தான். தண்ணீரிலிருந்து பிரித்த அழுக்கு கசடாகவோ ஆவியாகவோ எங்கேயோ போய்ச் சேருகிறது. பிரிக்கச் செலவான மின்சாரத்துக்கும் எங்கோ புகை எழுகிறது.

அதிகம் நடக்கும் தவறு, தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்தைக் கூடுதலாகக் கொட்டுவது. குரோமியம் முலாம் பூசும் இடத்தை எடுத்துக்கொள்வோம். நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிறன் குரோமியத்தை முதலில் பிஎச் (அமில-கார அளவு; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 2 முதல் 3 வரை வைத்து, மெட்டாபைசல்ஃபைட் என்ற உப்பைப் போட்டு, நச்சு குறைந்த மூவிணைதிறனாக மாற்றுவார்கள். பிறகு சுண்ணாம்போ காஸ்டிக் சோடா என்ற காரமோ சேர்த்துப் பிஎச்சை 8.5 வாக்கில் கொண்டுவந்தால், குரோமியம் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் திரிந்து அடியில் இறங்கும். அங்கேயே நிறுத்த வேண்டும். “எதற்கும் இருக்கட்டும்” என்று இன்னொரு மூட்டை சுண்ணாம்பைத் தட்டினால், பிஎச் எகிறி, இறங்கிய குரோமியமே மறுபடி கரையத் தொடங்கும். கரையாத சுண்ணாம்பு கசடின் எடையைக் கூட்டும். அந்தக் கசடு நச்சுக் கழிவு. உரிமம் பெற்றவர்கள்தான் எடுத்துப்போய்ப் பக்குவப்படுத்த வேண்டும். அப்புறமும் மிஞ்சுவதைப் புதைக்க நமக்கு இருப்பது 1999இல் இயங்கத் தொடங்கிய செமக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கு ஒன்றுதான். ஒரு குடுவைத் தண்ணீரில் அளவு பார்த்துவிட்டுப் பிறகு தொட்டியில் போடப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் ஆளில்லை என்பார்கள்!

தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வது இன்னொரு தவறு. 1,000 லிட்டரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் செம்பு இருந்தால் மொத்தம் 10 கிராம். இன்னொரு 1,000 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றினால் கணக்கில் 5 மில்லிகிராம் ஆகும். சாக்கடைக்குள் போவது அதே 10 கிராம்தான். விதிமுறையும் இதை அனுமதிப்பதில்லை. அந்தக் குழாய் போய்ச் சேரும் நிலையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

டொலுவீன் போன்ற கரைப்பான் கலந்த தண்ணீரைத் திறந்த தொட்டியில் காற்றடித்துக் கலக்கினால் தண்ணீர் சீக்கிரமே சுத்தமாகிவிடும். கரைப்பான் நம் மூக்குக்கு வந்துவிடும், அவ்வளவுதான். கரைப்பானை அது கழிவாக வெளிவரும் இடத்திலேயே தனியாகப் பிடித்துவைப்பதுதான் முறை. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும் தொட்டியிலும் அவற்றுக்குக் காற்றூட்டும் ஊதுபொறியை முழு வேகத்தில் ஓடவிடுவது வீண். பெரும்பாலும் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தாலே போதும். அதற்கான மின்சாரம் இங்கே பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்து வருவது.

சயனைடு கழிவையும் அமிலக் கழிவையும் ஒரே தொட்டியில் விடவே கூடாது. உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும்.

தரை கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் தள்ளவும் கூடாது. சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது.

கசடைக் குறைக்க மலிவான வழி முலாம் தொட்டியின் மேலேயே இருக்கிறது. பொருளைத் தூக்கியதும் அவசரமாக அலசும் தொட்டிக்குக் கொண்டுபோகாமல், சொட்டுவது நிற்கும்வரை அங்கேயே தொங்கவிடலாம். சொட்டிய கரைசல் தொட்டிக்கே திரும்பிவிடும். அந்த அளவுக்கு அலசும் தண்ணீரில் குரோமியமும் குறையும், அதை இறக்கப் போடும் சுண்ணாம்பும் குறையும்.