வயல் ஒன்று, கையெழுத்து ஐந்து: வேளாண் கூட்டு ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளாண் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று பாதியில் நின்றுபோனால் சொல்லக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மழை பொய்த்தது, நோய் விழுந்தது, நிதி வெட்டப்பட்டது. ஆனால் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் திட்டங்களில் பெரும்பாலான கோளாறுகள் விதை மண்ணில் விழும் முன்பே நடந்து முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. கட்டுரையில் யார் பெயர் வரும், யார் கணக்கில் பணம் நிற்கும், யார் வெயிலில் இறங்கி அளப்பார், பலன் யாருக்குப் போகும் என்பதையெல்லாம் பேசக் கூச்சப்பட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கிவிடுகிறார்கள்.

இதைப் பார்க்கத் தோதான இடம் அமெரிக்காவின் நிலமானியப் பல்கலைக்கழகங்கள். 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் நாடாளுமன்றத்தில் அதற்கு இருந்த உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம் ஒதுக்கியது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரி நடத்த வேண்டும். (அந்த நிலம் பழங்குடிகளிடமிருந்து பறித்ததும் அற்ப விலைக்கு எழுதி வாங்கியதும்தான். அது தனியாக எழுத வேண்டிய கதை.) 1887இல் ஹாட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களையும், 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணியையும் (ஆராய்ச்சி முடிவுகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் வேலை) இவற்றோடு இணைத்தன.

கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்ததில் பெருமையும் உண்டு, சிக்கலும் உண்டு. ஒரு பேராசிரியரின் நியமனக் கடிதத்தில் ஆராய்ச்சி 50, விரிவாக்கம் 30, கற்பித்தல் 20 என்பதுபோலச் சதவீதம் போட்டுப் பிரித்திருப்பார்கள். அவருக்கு மேலே துறைத்தலைவர், ஆராய்ச்சி நிலைய இயக்குநர், விரிவாக்க இயக்குநர், புலமுதல்வர் என்று ஒரு வரிசையே நிற்கும். மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்கள் கைகோத்தால் கேட்கவே வேண்டாம். இங்கே தலைமைக்கு வருபவர் செய்யும் முதல் தவறு, தன்னிடம் அதிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்வது. பணி நிரந்தரம் பெற்ற பேராசிரியரை அதட்டி வேலை வாங்க முடியாது. விரிவாக்க அலுவலரின் பணிக்கு மத்திய அரசு, மாநிலம், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) என மூன்று பக்கத்துப் பணமும் வருகிறது. அவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது தன் கவுன்டி விவசாயிகளுக்கு, உங்களுக்கு அல்ல.

கடைசி வாரத்தில் சேர்க்கப்படும் கூட்டாளி

நிதி விண்ணப்பத்துக்குக் கெடு நெருங்கும்போது பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவசரமாகச் சின்னப் பல்கலைக்கழகத்தைத் தேடும். பல தரப்பும் இடம்பெற்றால் மதிப்பெண் கூடும் என்பதுதான் காரணம். ஆதரவுக் கடிதம் ஒன்றும் சிறு தொகை ஒன்றும் போதும், பெயர் சேர்ந்துவிடும். ஆராய்ச்சிக் கேள்வியை வகுக்கும்போது அவர்கள் அறையிலேயே இல்லை.

இது வெறும் மரியாதைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. 1890இல் வந்த இரண்டாம் மோரில் சட்டத்தால்தான் தென் மாநிலங்களின் பெரும்பாலான கறுப்பினக் கல்லூரிகள் இந்த வளையத்துக்குள் வந்தன. இன்று அவை 19. டஸ்கீகி, டென்னசி ஸ்டேட் போன்றவை இந்த வரிசையில் உள்ளவை. வெள்ளையர் கல்லூரிகளுக்கு 1887 முதலே ஆண்டுதோறும் ஆராய்ச்சிப் பணம் வந்தது. கறுப்பினக் கல்லூரிகளுக்கு அதேபோன்ற நிலையான ஆராய்ச்சி நிதியை உறுதி செய்த எவன்ஸ்-ஆலன் ஏற்பாடு 1977இல்தான் வந்தது. இடையில் 90 ஆண்டுகள். 2023 செப்டம்பரில் மத்திய அரசின் வேளாண் செயலரும் கல்விச் செயலரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முந்தைய 30 ஆண்டுகளில் மட்டும் இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் குறைத்துக் கொடுத்த தொகை 1,260 கோடி டாலருக்கு மேல் என்று அந்தக் கடிதங்கள் கணக்குக் காட்டின. டென்னசி ஸ்டேட்டின் பங்கு மட்டும் ஏறத்தாழ 210 கோடி.

இந்தக் கணக்கு தெரியாமல் அங்கே போய், "உங்களிடம் ஆய்வகம் இல்லையே, மாதிரிகளை மட்டும் சேகரித்துக் கொடுங்கள்" என்று சொல்பவர் தன்னை நடைமுறை தெரிந்தவராக நினைத்துக்கொள்வார். கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும். கேள்வியை வகுக்கும் முதல் கூட்டத்திலேயே அவர்களை உட்கார வைக்க வேண்டும். நிதியில் அவர்களுக்கு ஓர் ஆய்வாளர் பணியிடமாவது நிற்க வேண்டும். இரண்டும் முடியாது என்றால் அவர்கள் பெயரைப் போடாமல் விடுவதே நேர்மை.

பெயர் யாருக்கு?

ரட்கர்ஸ், நியூ ஜெர்சியின் நிலமானியப் பல்கலைக்கழகம். அங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் மண் நுண்ணுயிரியல் துறையை நடத்தியவர் செல்மன் வாக்ஸ்மன். 1943 அக்டோபரில் அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், நிலத்தடித் தள ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தரும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். இரண்டு மாதிரிகளில் அது கிடைத்தது. ஒன்று எருவிட்ட மண், இன்னொன்று கோழியின் தொண்டையில் எடுத்தது. காசநோய்க்கு முதல் மருந்து இப்படித்தான் வந்தது.

1944இல் வந்த முதல் கட்டுரையில் பெயர் வரிசை ஷாட்ஸ், எலிசபெத் பியூஜி, வாக்ஸ்மன். காப்புரிமையில் இருந்தது ஷாட்ஸ், வாக்ஸ்மன் இருவர் பெயர் மட்டும். பியூஜி காணாமல் போனார். இருவரும் உரிமையைப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதில் வரும் பணத்தில் வாக்ஸ்மனுக்குத் தனியாகப் பங்கு போகிறது என்பது ஷாட்ஸுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1950இல் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் சமரசம் ஏற்பட்டது. கண்டுபிடிப்பில் அவரும் பங்காளர் என்று ஒப்புக்கொண்டு அவருக்கு 3 சதவீதம் கொடுத்தார்கள். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போனது. ரட்கர்ஸ் தன் பதக்கத்தை ஷாட்ஸுக்கு அளித்தது 1994இல்.

யார் பக்கம் நியாயம் என்று இன்னும் வாதாடுகிறார்கள். மண் நுண்ணுயிர்களில் மருந்து தேடும் முறையைப் பல ஆண்டுகளாகக் கட்டி எழுப்பியவர் வாக்ஸ்மன், அதை மறுக்க முடியாது. தலைமையில் இருப்பவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பணப் பங்கீடு பற்றி இருவருக்குள்ளும் தெளிவான பேச்சு நடந்ததாகத் தெரியவில்லை. குருவிடம் கணக்குக் கேட்பது அழகல்ல என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல, அந்த அமெரிக்க ஆய்வகத்திலும் அது இருந்திருக்கிறது. ஆகவே மாணவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தலைவர்தான் முதலில் பேச வேண்டும். யார் எந்தக் கட்டுரைக்கு முதல் ஆசிரியர், காப்புரிமை வந்தால் யார் யார், பணம் வந்தால் எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை மாறும்போது அந்தப் பக்கத்தையும் மாற்றுங்கள்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விதிகளைப் படித்தால் போதும். ஆனால் படிப்பதில்லை. ஹாட்ச் நிதியில் குறைந்தது கால் பங்கு பல மாநிலங்கள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். அந்த நிதியிலிருந்து நிறுவன மேற்செலவு எடுக்க முடியாது, மாநிலமும் ஈடாகப் பணம் வைக்க வேண்டும். போட்டி முறையில் கிடைக்கும் மானியத்துக்கு இந்த விதிகள் அப்படியே பொருந்தாது. இரண்டையும் ஒரே பையாக நினைத்துக் கூட்டாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கணக்குப் பிரிவைத் திட்டுவதில் பயனில்லை.

விவசாயியைக் கடைசியில் கூப்பிடுவது

கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் 1940களில் தொடங்கிய தக்காளி ஆராய்ச்சியைக் கூட்டு முயற்சிக்கு இலக்கணம் என்றே பலர் சொல்வார்கள். ஜாக் ஹன்னா தாவர இனப்பெருக்க வல்லுநர். கோபி லொரன்சன் பொறியாளர். பழத்துக்கேற்ற இயந்திரம் செய்வது வழக்கமான வழி. இவர்கள் இயந்திரத்துக்கேற்ற பழத்தையும் சேர்த்தே உருவாக்கினார்கள். தோல் தடித்த, ஒரே சமயத்தில் பழுக்கிற, கொடியோடு அறுத்து உலுக்கினால் கழன்று விழுகிற தக்காளி அது. 1964இல் மெக்சிகோ கூலித்தொழிலாளர்களை வரவழைக்கும் திட்டம் முடிவுக்கு வந்ததும் இயந்திரம் காட்டுத்தீயாகப் பரவியது. சில ஆண்டுகளிலேயே மாநிலத்தின் ஆலைத் தக்காளி (சாறும் விழுதும் செய்ய ஆலைக்குப் போவது) அநேகமாக முழுவதும் இயந்திர அறுவடைக்கு வந்துவிட்டது.

இரண்டு துறைகள் இவ்வளவு நெருக்கமாக இணைந்து வேலை செய்ததைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்த மேசையில் சிறு விவசாயியும் இல்லை, பறிக்கும் தொழிலாளியும் இல்லை. அந்த இயந்திரத்தை வாங்கிக் கட்டுப்படியாகும் அளவுக்கு நிலம் இருந்தவர்கள் நிலைத்தார்கள். ஆலைத் தக்காளி பயிரிட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேராக இருந்தது, பத்தாண்டு அளவில் 600 பேராகக் குறைந்தது. 1979இல் தொழிலாளர்கள் சார்பாகப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் பாய்ந்தது. 1987இல் கீழ்நீதிமன்றம், ஹாட்ச் நிதியைச் செலவிடும்போது சிறு குடும்பப் பண்ணைகளின் நலனைக் கருதியாக வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1989இல் மேல்முறையீட்டில் பல்கலைக்கழகம் வென்றது.

சட்டப்படி வென்றதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. இயந்திரம் வந்திருக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆள் கிடைக்காமல் பயிரே மெக்சிகோவுக்குப் போயிருக்கலாம். ஆனால் வேலை இழப்பவர் எங்கே போவார், இருபது ஏக்கர்க்காரருக்கு வாடகை இயந்திரம் சாத்தியமா என்பதெல்லாம் ஆராய்ச்சி தொடங்கும்போதே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். அவற்றைக் கேட்கும் ஆட்கள் அதே பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்த பிறகு துண்டறிக்கை அச்சடிக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுவது இன்றும் தொடரும் பழக்கம்.

பழைய வயலும் பழைய நோட்டும்

இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே மோரோ வயல் இருக்கிறது. 1876 முதல் அங்கே மக்காச்சோளம் விளைகிறது. 1960களில் பக்கத்தில் மாணவர் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, பயிர்மேல் நிழல் விழக் கூடாது என்று கட்டடத்தைப் பூமிக்குக் கீழே இறக்கிக் கட்டினார்கள். நிர்வாகம் அறிவியலுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதுதான். மிசௌரியின் சான்பார்ன் வயல் 1888இல் தொடங்கியது. அங்கிருந்து வில்லியம் ஆல்பிரெக்ட் தன் பழைய சகாவான பெஞ்சமின் டக்கருக்கு அனுப்பிய மண்ணில்தான் ஆரியோமைசின் என்ற மருந்து கிடைத்தது. யாரும் அதற்காக அந்த வயலைப் பாதுகாக்கவில்லை.

புதிதாக வரும் இயக்குநர் கை வைக்க ஆசைப்படுவது இப்படிப்பட்ட வயல்களில்தான். மானியம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடியும், வயலுக்கோ அப்படியொரு கணக்கு கிடையாது. வேலி, கூலி, மண் மாதிரி வைக்கும் அறை ஆகியவற்றுக்கு வழக்கமான மானியங்கள் பணம் தருவதில்லை, நிலையத்தின் சொந்த நிதிதான் தர வேண்டும்.

நோட்டு விஷயத்துக்கு மினசோட்டாவின் ஹனிகிரிஸ்ப் ஆப்பிளைச் சொல்வேன். 1960இல் செய்த ஒட்டு. 1977இல் கழித்துக்கட்டக் குறித்து வைத்திருந்த மரத்தை டேவிட் பெட்ஃபோர்ட் காப்பாற்றினார். 1991இல் வெளியிட்டார்கள். காப்புரிமையில் பெற்றோர் மக்கவுன், ஹனிகோல்ட் என்று எழுதியிருந்தது. பிறகு டிஎன்ஏ சோதனை செய்தபோது இரண்டுமே இல்லை என்று தெரிந்தது. ஒன்று கீப்சேக், மற்றொன்று வெளியிடப்படாமல் எண் மட்டும் கொடுத்து வைத்திருந்த ஒரு மரம். புகழ்பெற்ற ரகத்துக்கே இந்தக் கதி. ஒரே இடத்தில் இப்படி என்றால், பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் கூட்டுச் சோதனையில் பெயர்ப்பலகை மாறாது என்று என்ன உறுதி? பழமர வேர்ச்செடிகளை (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்பவை) பல மாநிலங்களிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் ஒப்பிடும் என்சி-140 கூட்டுத் திட்டம், தண்டின் சுற்றளவை எந்த உயரத்தில் அளப்பது என்பது வரை எல்லோருக்கும் ஒரே விதி வைத்திருப்பது இதனால்தான்.

எல்லோரும் ஒத்துப்போவதும் ஆபத்து. டெக்சஸில் கண்டறிந்த ஆண் மலட்டுத்தன்மை மக்காச்சோள வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் ஆண் பூங்கொத்தைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்தியது. அநேகமாக எல்லா விதை நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. இந்த வகை இலைக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்று 1960களின் தொடக்கத்திலேயே பிலிப்பைன்ஸிலிருந்து எச்சரிக்கை வந்தது. 1970இல் அமெரிக்கா விதைத்த மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வகை. சுமார் 15 சதவீத மகசூல் போனது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசும் ஒருவருக்கு இடம் வைக்காத தலைவர், வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையையும் கேட்க மாட்டார்.

விதை அனுப்பும் முன்

வாஷிங்டன் ஸ்டேட்டில் பணியாற்றிய ஆர்வில் வோகல், ஜப்பானின் நோரின் 10 குட்டைக் கோதுமையை உள்ளூர் ரகத்தோடு சேர்த்து உருவாக்கிய வரிசைகளின் விதையை, தன் சொந்த ரகம் வெளிவரும் முன்பே, 1950களின் தொடக்கத்தில் மெக்சிகோவில் இருந்த கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக்குக்குக் கொடுத்தார். வோகலின் கெய்ன்ஸ் ரகம் வெளிவந்தது 1961இல். போர்லாக்கின் ரகங்கள் 1966இல் 18,000 டன் விதையாக இந்தியாவுக்குக் கப்பலேறின. அந்தத் தாராளம் இல்லையென்றால் நம் பசுமைப் புரட்சியின் தேதியே மாறியிருக்கும்.

இன்று அப்படி உறையில் போட்டு அனுப்பினால் வழக்கு வரும். கோவையிலோ மதுரையிலோ இருக்கும் ஆய்வாளர் அமெரிக்கக் கூட்டாளிக்கு நெல் ரகமோ மண் நுண்ணுயிரோ அனுப்ப நினைத்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே நிற்கும். வெளிநாட்டு நிறுவனம் நம் உயிர்வளத்தைப் பெற, சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. பலர் விலக்கு தானாகவே வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். திட்டம் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் அது கிடைக்கும். இவற்றோடு நோயும் பூச்சியும் இல்லை என்ற தாவர நலச் சான்றிதழும், அந்தப் பக்கத்து இறக்குமதி அனுமதியும் சேரும். இந்தக் காகிதங்களுக்கு ஆகும் மாதங்களைத் திட்ட அட்டவணையின் முதல் வரியாகப் போட்டுவிட்டு, விதைப்புப் பருவத்தை அதற்குப் பின்னால் குறியுங்கள்.