வைத்தியசாலை விடுதிக்கு வரும் புதிய இயன் மருத்துவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் இயன் மருத்துவத்தில் (பிசியோதெரபி) பட்டம் பெற விரும்பும் மாணவர், உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, கொழும்பு அல்லது பேராதனை போன்ற பல்கலைக்கழகமொன்றில் நான்கு ஆண்டுகள் பயில்கிறார். அதன்பின் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்துகொண்டு, நியமனம் கிடைத்ததும் வைத்தியசாலைப் பணியைத் தொடங்குகிறார். அப்படித் திருகோணமலைக்கு வந்துசேரும் இளையவர்களிடம் பாட அறிவுக்குக் குறைவு இருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அவர்கள் தடுமாறும் இடம் வேறு. நோயாளர் அவர்களிடம் வாரத்தில் அரை மணி நேரம் இருக்கிறார். மிகுதி நேரமெல்லாம் மூதூரிலோ குச்சவெளியிலோ வெருகலிலோ உள்ள தன் வீட்டில் இருக்கிறார். சிகிச்சை பலிப்பதும் கெடுவதும் அந்த வீட்டில்தான். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வீட்டை எண்ணிப் பார்க்காததால் விளைபவை.

பதிவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பட்டம் கிடைத்ததற்கும் நியமனம் வருவதற்கும் இடைப்பட்ட காலத்தில், பதிவு முடியுமுன்னரே வீடுகளுக்குச் சென்று கட்டணம் பெற்றுச் சிகிச்சையளிக்கச் சிலர் முற்படுகின்றனர். அதைச் செய்யவே கூடாது. பதிவு முடிந்தபின் காத்திருக்கும் மாதங்களில், அனுமதி பெற்று ஒரு மூத்தவருடன் விடுதிகளில் நிற்பது எந்தச் சான்றிதழ் வகுப்பையும் விடப் பயனுள்ளது.

மொழியில் நேரும் தவறு வெளியே தெரிவதில்லை; ஆனால் எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். நாம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே குறிப்பெழுதப் பழகியவர்கள். நோயாளரோ தம் வருத்தத்தைத் தம் ஊர்ச் சொற்களில் சொல்கிறார். நம் மக்கள் "கால் விறைக்குது" என்று சொன்னால், பெரும்பாலும் உணர்ச்சி குறைந்து மரத்துப்போவதையே குறிக்கிறார்கள். புத்தகத் தமிழில் விறைப்பு என்றால் இறுக்கம் என்று படித்தவர், அதைத் தசை இறுக்கமாகக் குறித்துக்கொண்டு, தசையை நீட்டும் பயிற்சி கொடுத்து அனுப்பிவிடுவார். நாரி நோவுடன் வந்த ஒருவர், உட்காரும்போது நிலத்தில் படும் பகுதி விறைத்திருக்கிறது என்றும் சிறுநீர் கழிக்கச் சிரமமாக இருக்கிறது என்றும் சொன்னால், அது முள்ளந்தண்டின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே வைத்திய நிபுணரிடம் அனுப்ப வேண்டிய அவசர நிலை அது. ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டதால் அந்த நாளைத் தவறவிட்டால், இழந்தது பிறகு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆகவே உளைவு, குத்து, எரிவு, விறைப்பு என்று நோயாளர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, "தொட்டால் தெரிகிறதா, மடக்க முடியவில்லையா?" என்று திருப்பிக் கேளுங்கள். கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் சிங்களம் பேசும் நோயாளரிடமும் இதே கவனம் வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மொழிபெயர்ப்பை நம்பிச் சிறுநீர், மலம் பற்றிய கேள்விகளைக் கேட்க முடியாது.

அடுத்தது பாரிசவாதம். என் பணியின் முதலாண்டில், வலப்பக்கம் செயலிழந்த தாயார் ஒருவரை விடுதியில் நாள்தோறும் பார்த்தேன். உட்காரவும் எழுந்து நிற்கவும் அவருக்கு நன்றாகப் பழக்கினேன். ஆனால் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பப்போகிறவர் அவருடைய மகள் என்பதை நான் எண்ணவில்லை. அன்பு மிகுந்த அந்த மகள், வீட்டில் ஒவ்வொரு முறையும் தாயின் செயலிழந்த கையைப் பிடித்தே தூக்கினார். மூன்று வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, தோள்மூட்டில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு எலும்பு கீழிறங்கியிருந்தது. தொடவும் முடியாத நோ. மகள் மீது எந்தப் பிழையும் இல்லை. கையை இழுக்கக் கூடாது, இடுப்பையும் தோள்பட்டையின் பின்புறத்தையும் தாங்கியே எழுப்ப வேண்டும், இருக்கும்போது கைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும் என்பவற்றை நான் அவருக்குச் செய்து காட்டி, அவரையும் என் முன்னால் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். செயலிழந்த கையைக் கப்பியில் கட்டித் தலைக்கு மேல் இழுக்கும் பயிற்சியையும் இத்தகையோருக்குக் கொடுக்கக் கூடாது.

ஆர்வ மிகுதியால் வரும் தவறும் ஒன்றுண்டு. விரைவாக எழுப்பினால் விரைவாகத் தேறுவார் என்று எண்ணி, முதல் நாளே நோயாளரைப் பலமுறை நிற்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளர்களைக் கொண்டு செய்யப்பட்டு 2015 இல் வெளியான ஓர் ஆய்வு, பாரிசவாதம் கண்ட 24 மணித்தியாலத்துக்குள் மிகுதியாகவும் அடிக்கடியும் எழுப்பப்பட்டவர்கள், வழமையான பராமரிப்புப் பெற்றவர்களைவிட 3 மாத முடிவில் குறைந்த முன்னேற்றமே கண்டதைக் காட்டியது. குறுகிய நேரம், சிறிது சிறிதாக என்பதே முறை. எழுப்புமுன் படுத்த நிலையிலும், எழுந்தபின் மீண்டும் ஒருமுறையும் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்; மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், தலை சுற்றவில்லை என்று அவர் சொன்னாலும் உட்கார வையுங்கள்.

முழங்காலுக்கு வருவோம். அது மடங்கும் அளவு கோணமானியில் 105 பாகை என்று கண்டால் புதியவர் மகிழ்கிறார். நாற்காலியிலிருந்து எழ ஏறத்தாழ அவ்வளவு போதும். ஆனால் கிண்ணியாவிலிருந்து வந்த பெரியவருக்குத் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்ய வேண்டும், குந்திய கழிவறையைப் பயன்படுத்த வேண்டும், பாயில் இருந்து சாப்பிட வேண்டும். இவற்றுக்குப் பெரும்பாலும் 130 பாகைக்கும் மேல் தேவை. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்த அளவு கிடைக்காமலே போகலாம். அதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லி, நாற்காலியில் இருந்து தொழுவது, கழிவறையில் உயர்ந்த இருக்கை வைப்பது, சுவரில் பிடிகம்பி பொருத்துவது பற்றி வீட்டாருடன் பேசுவதும் சிகிச்சைதான். குறிப்பேட்டில் பாகையை எழுதும்போது, அதன் பக்கத்தில் அவர் எதைச் செய்ய விரும்புகிறார் என்பதையும் எழுதுங்கள்.

தொழிலையும் கேட்காமல் விடக் கூடாது. தோள் நோவுடன் வரும் கரைவலைத் தொழிலாளியிடம் ஆவணி மாதத்தில் "ஆறு வாரம் வலை இழுக்காதீர்கள்" என்றால், அவர் தலையாட்டிவிட்டு மறுநாள் கரைக்குப் போவார். வாடைக் காலத்தில் நம் கரையில் கடல் கொந்தளித்துத் தொழில் நிற்கும். முழு ஓய்வையும் வலுவூட்டும் பயிற்சியையும் அப்போதைக்கு வைத்துக்கொண்டு, தொழில் நடக்கும் மாதங்களில் கயிற்றை எந்தப் பக்கம் நின்று பிடிப்பது, எப்போது ஆள் மாறுவது என்பவற்றைத் திருத்தலாம்.

நாட்டு முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை (மருந்துப் பற்று) கட்டிக்கொண்டு வந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை மறைப்பார், அல்லது வராமலே விடுவார். கட்டுக்குக் கீழே விரல்கள் வெளிறியிருக்கின்றனவா, அசைகின்றனவா என்று பாருங்கள். பிறகு மரியாதையாகப் பேசலாம்.

கடைசியாக, வீடு செல்லும் நாளில் கொடுக்கும் தாள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் துன்பம் நீங்கியது. என்றாலும் நடக்க முடியாத ஒருவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி வர ஒரு குடும்பம் ஒரு நாள் கூலியை இழக்கிறது. பன்னிரண்டு பயிற்சிகள் அச்சிட்ட தாளை அவர்களிடம் கொடுப்பதால் எதுவும் நடக்காது. அவருடைய மொழியில், பெரிய எழுத்தில், மூன்று பயிற்சிகள் மட்டும் எழுதுங்கள். எந்த வேலையோடு சேர்த்து எத்தனை தடவை என்றும், யார் உதவுவார் என்றும் குறியுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி நொந்தாலோ திடீரென மூச்சு முட்டினாலோ அடுத்து வரச் சொன்ன திகதிக்குக் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதி, உதவப்போகிறவரை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.