பத்து நிமிட நடை: வட்டம் போடாமல் தெருவழியே அளப்பது எப்படி?

நகர அமைப்புத் திட்டங்களைப் புரட்டினால், பேருந்து நிலையத்தையோ பூங்காவையோ நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அதற்குள் இருக்கும் எல்லாரும் நடந்து வந்துவிடலாம் என்று கணக்கு. நடுவே ரயில் பாதையோ கால்வாயோ நீளமான மதில் சுவரோ இருந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அதைச் சரிபார்க்க, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளே போதும். சென்னை தி.நகரை வைத்துச் செய்து பார்ப்போம்.

1. அளக்கக்கூடிய கேள்வி

"தி.நகர் நடப்பதற்கு ஏற்ற இடமா?" என்று கேட்டால் அளக்க முடியாது. "தி.நகர் பேருந்து நிலையத்துக்கு எந்தெந்தத் தெருக்காரர்கள் பத்து நிமிடத்தில் நடந்து வரலாம்?" என்று கேளுங்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்றால் 800 மீட்டர். முதியவர்களுக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் தூரத்தைக் குறையுங்கள்.

2. தெருக்களை இறக்குதல்

கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் (QuickOSM) என்ற பிளக்இன்னை, அதாவது துணைக் கருவியை, நிறுவுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டராவது திரையில் தெரியட்டும். தெருக்களைக் குறிக்கும் 'ஹைவே' (highway) என்ற கீயைக் கொடுத்தால், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தெருக்கள் வந்து விழும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். வந்த தரவு டிகிரி அலகில் இருக்கும். 800 என்று கொடுத்தால் 800 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். 'ரீப்ராஜெக்ட் லேயர்' மூலம் மீட்டருக்கு மாற்றுங்கள். அங்கே கேட்கும் ஆயத்தொலை முறையின் எண், சென்னை, மதுரை, யாழ்ப்பாணத்துக்கு இபிஎஸ்ஜி (EPSG) 32644. கோவை, நெல்லைக்கு 32643.

3. வட்டமும் தெருவும்

பேருந்து நிலையத்தில் ஒரு புள்ளி வைத்து 800 மீட்டர் 'பஃபர்' போடுங்கள்; புள்ளியைச் சுற்றி அந்தத் தூரத்துக்கு வட்டம் வரும். பரப்பு ஏறக்குறைய 201 ஹெக்டேர். அப்புறம் ப்ராசஸிங் டூல்பாக்ஸில் 'சர்வீஸ் ஏரியா' கருவியைத் திறந்து, அதே புள்ளியிலிருந்து அதே 800 மீட்டரைக் கொடுங்கள். தெருவழியே நடந்தால் எதுவரை எட்டுமோ அதுவரை கோடுகள் வரும். அவற்றுக்கு 50 மீட்டர் பஃபர் போட்டு ஒன்றாக இணைத்து, பரப்பைக் கணக்கிட்டு, வட்டத்தின் பரப்பால் வகுத்துப் பாருங்கள்.

100 சதவீதம் எங்குமே வராது. சதுரங்கக் கட்டம்போல நெருக்கமான தெருக்கள் உள்ள ஊரிலேயே சுமார் 64 சதவீதம்தான் எட்டும், வடிவியல் அப்படி; 50 மீட்டர் பஃபரால் இது சற்றுக் கூடலாம். ஆகவே 60-ஐத் தொட்டால் நல்ல தெரு அமைப்பு. 30, 35 என்று வந்தால் எங்கோ ஒரு தடை இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கோடுகள் குறுக்கிடும் இடத்திலெல்லாம் வெட்டி இணைக்காதீர்கள். உஸ்மான் சாலை மேம்பாலமும் கீழே உள்ள தெருவும் சேர்ந்துவிடும். மேம்பாலத்திலிருந்து யாரும் குதித்து இறங்குவதில்லை.

4. ஒரு பாதையை நீக்கிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அது உங்கள் தரவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரைந்து, இரு முனைகளையும் பாதைகளோடு ஒட்டவையுங்கள். ஒருமுறை அதோடும், ஒருமுறை அதை நீக்கியும் மூன்றாம் படியை ஓட்டுங்கள். ரயில் பாதைக்கு மேற்கே மேற்கு மாம்பலத்தில் எந்தத் தெருக்கள் புதிதாக உள்ளே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊரில் இன்னும் கட்டாத ஒரு நடைமேம்பாலத்தையும் இப்படியே சோதிக்கலாம். கோடிக்கணக்கில் செலவழிக்கும் முன்பு இந்தச் சோதனை கட்டாயம் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

5. நேரில் போய் எண்ணுங்கள்

படியேற முடியாதவருக்கு லிஃப்ட் ஓடுகிறதா, இரவில் கதவைப் பூட்டுகிறார்களா, நடைபாதையில் வண்டி நிற்கிறதா — இதெல்லாம் கணினிக்குத் தெரியாது. நாலைந்து இடங்களில் நின்று, காலை, மதியம், மாலை ஐந்தைந்து நிமிடம் கடந்து போகிறவர்களை எண்ணுங்கள். பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்று தனியாகக் குறியுங்கள்.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தை மாற்றி அமைத்தபோது தெரு அமைப்புக்கும் மக்கள் நடமாட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பில் ஹில்லியரின் வழிவந்த 'ஸ்பேஸ் சின்டாக்ஸ்' குழு இப்படித்தான் ஆட்களைக் கவனித்தது. உள்ளூர்க்காரர்கள் நடுவில் வராமல் ஓரமாகச் சுற்றிப் போவது தெரிந்தது. வடக்குப் பக்கச் சாலையில் வாகனங்கள் ஓடாதபடி மூடி, நடுவில் அகலமான படிக்கட்டு அமைத்து 2003-இல் திறந்தார்கள்.

6. ஒரே தாளில்

வட்டம், தெருவழி எல்லை, எண்ணிக்கை அட்டவணை மூன்றையும் ஒரே ஏ4 தாளில் அச்சிடுங்கள். தரவு இறக்கிய தேதியை ஓரத்தில் எழுதுங்கள். உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் வைக்க அந்த ஒரு தாள் போதும்.