அம்மா அப்பாவோடு கொழும்புக்கு வருபவர்களுக்கு: மறதிக்கு எந்த டாக்டர்?

வெள்ளவத்தைக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், அம்மா வத்தக்குழம்பில் புளி கரைக்க மறந்தார். திருச்சியில் கண்ணை மூடிக்கொண்டு வைப்பவர். புது அடுப்பு, புது வீடு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பழகிய வீடு அதுவரை அவர் மறதியை மறைத்து வைத்திருந்தது அப்புறம்தான் புரிந்தது.

இங்கே நிபுணரைப் பார்ப்பதற்கு ‘சேனல் பண்ணுவது’ என்று பெயர். பகலில் அரசு வைத்தியசாலையில் இருப்பவர்களே மாலையில் தனியாரில் பார்க்கிறார்கள். போனிலேயே நம்பர் வாங்கலாம். கை நடுக்கம், நடையில் தடுமாற்றம் இருந்தால் நரம்பியல் நிபுணர். காரணமில்லாத சந்தேகம், பயம், எதிலும் பிடிப்பின்மை என்றால் மனநல நிபுணர். தயங்காதீர்கள், மனச்சோர்வும் மறதி போலவே தெரியும். முதியோர் மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நாங்கள் முதலில் போன இடத்தில் ஆங்கிலத்தில் சோதித்தார்கள். என்ன மாவட்டம்? அம்மா ‘திருச்சி’ என்றார். என்ன மாதம்? ‘ஐப்பசி’. இரண்டும் தப்பு என்று குறித்தார்கள். ஐப்பசி சரியான பதில்தான்! பரவலாகச் செய்யும் 30 மதிப்பெண் சோதனையில் 10 மதிப்பெண் நாளையும் இடத்தையும் பற்றியது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு நோய் இல்லாமலேயே அதில் குறையும். எனவே நம்பர் வாங்கும்போதே தமிழ் பேசுவாரா என்று கேளுங்கள். வந்து எத்தனை நாள், எதுவரை படித்தவர், காது எப்படி என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

எது எப்போது மாறியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள்; சில தூக்க மாத்திரைகளே மூளையை மந்தமாக்கும். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை கேட்காமல் ஸ்கேனை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் சேனலுக்குக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், காசில்லை. மறதி நோய் உறுதியானால் மருதானையில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது, குடும்பத்துக்கும் துணை கிடைக்கும்.

எங்கள் இரண்டாவது டாக்டர் நாற்காலியை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அம்மா, நீங்கள் என்ன நல்லாச் சமைப்பீங்கள்?” என்றார். அம்மா உற்சாகமாக வத்தக்குழம்பு சொன்னார், சுண்டைக்காய் வறுப்பதிலிருந்து இறக்குவது வரை. புளி வரவேயில்லை. டாக்டர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார்.