சிறிய பயண டிரெயிலரை இழுக்க எந்த வாகனம்? முதன்முறை வாங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

"என்னுடைய கார் 1500 சிசி, இது இழுக்குமா?" சிறிய பயண டிரெயிலர் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வெள்ளவத்தையிலிருந்து மொறட்டுவை வரை காலி வீதியில் இழுப்பதென்றால் அநேகமாக எந்தக் காரும் இழுத்துவிடும். சிக்கல் அங்கே இல்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, ஏறக்குறைய ஒரு தொன் சுமை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். அதைப் பிடித்து வைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே எஞ்சினின் சிசியைக் கடைசியில் பார்ப்போம். டிரெயிலரின் உண்மையான எடை, வாகனம் தன்மேல் சுமக்கக்கூடிய எடை, பிரேக் ஆகிய மூன்றும் அதற்கு முன் வரவேண்டியவை.

இந்த விளக்கம் ஒற்றை அச்சுள்ள, இரண்டு மூன்று பேர் படுக்கக்கூடிய சிறிய டிரெயிலர்களுக்கானது.

முதற்படி: டிரெயிலரைச் சுமையோடு எடை போடுங்கள்

விற்பவர் சொல்லும் எடை வெறும் டிரெயிலரின் எடை. உள்ளூர்ப் பட்டறையில் செய்ததென்றால் அதுகூடக் குத்துமதிப்பாக இருக்கலாம். பயணத்தில் நீங்கள் இழுக்கப்போவது வெறும் டிரெயிலரை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் டிரெயிலர் 650 கிலோ. தாங்கியில் 60 லீற்றர் தண்ணீர், அது 60 கிலோ. பெரிய ஈய பற்றரி 28. சிறிய காஸ் சிலிண்டர், இரும்புக் கூட்டோடு சேர்த்துச் சுமார் 12. மெத்தை, விரிப்பு 25. அடுப்பு, பாத்திரம், அரிசி, மற்றச் சாமான்கள் 40. உடுப்புப் பைகள் 30. மடக்குக் கதிரைகளும் நிழல் விரிப்பும் 35. மேலதிகச் சக்கரமும் ஜாக்கியும் 20. கூட்டினால் 250 கிலோ. ஆக, 650 கிலோ என்று வாங்கிய டிரெயிலர் வீதிக்கு வரும்போது 900 கிலோ.

காகிதக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். விலை பேசும்போதே, லொறிகளை எடை போடும் தரைத் தராசு ஒன்றுக்கு டிரெயிலரைக் கொண்டுவரும்படி விற்பவரைக் கேளுங்கள். வெறும் எடை அங்கே சரியாகத் தெரிந்துவிடும். உங்கள் சாமான்களை அதன்மேல் கூட்டுவது சுலபம்.

இரண்டாம் படி: கொழுக்கியில் இறங்கும் எடையை அளவிடுங்கள்

டிரெயிலரின் முன்முனை வாகனத்தின் கொழுக்கிமேல் அமரும்போது ஒரு பகுதி எடை நேரடியாக வாகனத்தின் பின்பக்கத்தில் இறங்குகிறது. நம் நாட்டு வாகனப் பேச்சில் இது பெரும்பாலும் அடிபடுவதே இல்லை. ஆனால் டிரெயிலர் நேராக வருமா, பாம்பு போல நெளியுமா என்பதை அதிகம் தீர்மானிப்பது இதுதான். மொத்த எடையில் 10 சதவீதம் அளவுக்கு இருந்தால் நல்லது. நம் 900 கிலோ டிரெயிலருக்கு 90 கிலோ. இதைவிட மிகக் குறைந்தால் டிரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். மிகக் கூடினால் வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். அப்போது ஸ்டியரிங் இலேசாகிவிடும். மழையில் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் வழுக்கவும் கூடும்.

அளவிட வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு போதும். சுமை ஏற்றிய டிரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். தராசின்மேல் ஒரு தடித்த பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் மரக்கட்டை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கட்டையின் மேல்முனை, வாகனத்தில் கொழுக்கி இருக்கப்போகும் உயரத்தில் இருக்கவேண்டும். டிரெயிலரின் முன்பக்கத்தைத் தாங்கும் முன்கால் சக்கரத்தின் கைப்பிடியை மெல்லச் சுற்றி, டிரெயிலரின் முன்முனை கட்டையில் அமரும்வரை இறக்குங்கள். முன்கால் தரையைவிட்டு எழும்பியதும் முள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பலகை, கட்டை இரண்டின் எடையையும் கழித்தால் வருவதுதான் கொழுக்கி எடை. கட்டை சரியக்கூடும், ஆகவே காலை அதன் அருகில் வைக்காதீர்கள். கூடவே ஒருவர் நிற்பது நல்லது.

முள் 50 கிலோவில் நின்றால் பாரமான பொருட்களை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி மறுபடி பாருங்கள். பற்றரியும் தண்ணீர்த் தாங்கியும் பின்சுவரோடு ஒட்டியிருக்கும் டிரெயிலரை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாம் படி: வாகனத்தின் எண்களைத் தேடி எடுங்கள்

உங்களுக்கு வேண்டியவை: வாகனத்தின் வெற்று எடை, சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, கொழுக்கியில் இறங்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் எல்லை, இழுவை எல்லை. இழுவை எல்லையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தனக்கென்று பிரேக் உள்ள டிரெயிலருக்கு, மற்றது பிரேக் இல்லாத டிரெயிலருக்கு. இரண்டாவது வழக்கமாகச் சிறியது. பெரிய வாகனங்களுக்குக்கூட அது பெரும்பாலும் 750 கிலோதான். நம் உதாரண டிரெயிலர் 900 கிலோ என்பதால் அதற்குச் சொந்தப் பிரேக் இருந்தே ஆகவேண்டும்.

கொழும்பில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்தவை. கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இருந்தாலும் ஜப்பான் சந்தைக் கார்களின் கையேடுகளில் இழுவை எல்லை பெரும்பாலும் தரப்படுவதில்லை. உடனே இணையத்தில் தேடுவோம். ஆஸ்திரேலியாவில் விற்ற 2.5 லீற்றர் பெற்றோல் எக்ஸ்-ட்ரெயிலுக்கு 1500 கிலோ என்று வரும். நம் வீட்டு வாசலில் நிற்பதோ அதே பெயருள்ள 2 லீற்றர் ஹைபிரிட். எஞ்சினும் கியரும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி அந்த எண்ணை எடுத்துக்கொள்ளவே கூடாது. கதவுத் தூணில் அல்லது எஞ்சின் பகுதியில் உள்ள தகட்டில் மாதிரிக் குறியீடு இருக்கும். அதே குறியீட்டுக்கு உரிய எண் கிடைத்தால் மட்டுமே அது உங்களுடையது. கிடைக்காவிட்டால் அந்த வாகனத்தை இழுவைக்கு எடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நான்காம் படி: குடும்பத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

இழுவை எல்லை 1500 கிலோ, டிரெயிலர் 900 கிலோ, தாராளமாகப் போதும் என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நடுத்தர அளவு ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 1500, அனுமதித்த மொத்த எடை 2000. ஆக, அது தன்மேல் சுமக்கக்கூடியது 500 கிலோ. அப்பா, அம்மா, இரண்டு வளர்ந்த பிள்ளைகள், அம்மம்மா என ஐந்து பேர், சராசரி 65 கிலோ என்றால் 325. பின்பெட்டியில் பைகளும் குளிர்ப்பெட்டியும் 60. கொழுக்கியை வாகனத்தில் பொருத்தும் டோ பார் இரும்பு 25. கொழுக்கியில் இறங்கும் 90. கூட்டிப் பாருங்கள்: சரியாக 500. ஒரு தேங்காய் மூட்டைக்குக்கூட இடமில்லை. இழுவை எல்லையில் 600 கிலோ மிச்சம் இருக்கிறது, ஆனால் வாகனத்தின் முதுகில் ஒரு கிலோவும் மிச்சமில்லை. சிறிய வாகனங்களில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்த எண்தான்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. சுமை ஏற்றிய டிரெயிலரின் எடை, வாகனத்தின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பிரித்தானியாவின் கெரவன் சங்கங்கள் புதியவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. நம் உதாரணத்தில் 60 சதவீதம்தான், ஆகவே பரவாயில்லை. நம் மலைவீதிகளுக்கு 70ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஐந்தாம் படி: எங்கே போகப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போவதும் கல்பிட்டி கடற்கரைக்குப் போவதும் கிட்டத்தட்டச் சமதரை ஓட்டம். அங்கே காற்றும் வெப்பமும்தான் தொல்லை. மலைநாடு முற்றிலும் வேறு கதை. 10 சதவீதச் சரிவில் ஒவ்வொரு தொன்னுக்கும் 100 கிலோவுக்குச் சமமான இழுப்பு கூடுதலாகத் தேவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். டர்போ டீசல் இதில் அதிகம் தளராது.

ஏறும்போது வலு குறைந்தால் மெல்லப் போகலாம். இறக்கத்தில் அப்படிச் சமாளிக்க முடியாது. நம் உதாரணக் குடும்பமும் டிரெயிலரும் சேர்ந்து சுமார் 2800 கிலோ. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு 1300 மீற்றருக்கு மேல் இறக்கம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 10 யூனிட், மின்சாரப் பட்டியலில் வரும் அதே யூனிட். மூன்றாம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட்டின் பற்றரி முழுவதுமே சுமார் 1.3 யூனிட்தான். அது நிரம்பியதும் பற்றரி மூலமான பிரேக் நின்றுபோய், எஞ்சினின் சிறு தடையும் சக்கரப் பிரேக்குகளும் மட்டும் மிஞ்சும். மீதிச் சக்தி முழுவதும் வெப்பமாகப் போயாகவேண்டும். பிரேக் தட்டுகள் சூடேறி, திரவம் கொதித்தால் மிதி தரைவரை போகும். எனவே தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கக்கூடிய வாகனமும், தனக்கென்று பிரேக் உள்ள டிரெயிலரும் மலைநாட்டுக்குக் கட்டாயம்.

ஆறாம் படி: கொழும்பில் கிடைப்பவற்றை வடிகட்டுங்கள்

2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. அதனால் நம் சந்தையில் பழைய வாகனங்களே நிறைய. பத்து வருடம் ஓடிய வண்டியில் விளம்பர எண்ணைவிட அதன் இன்றைய நிலை முக்கியம்.

ஆல்டோ, வேகன் ஆர், அக்வா, அக்ஸியோ, வெசல் எல்லாம் நகருக்குள் அருமையான வாகனங்கள், இழுவைக்கு வேண்டாம். சுமக்கும் அளவு சிறியது, இவற்றில் சிலவற்றில் உள்ள சிவிடி (படிகளில்லாத தானியங்கி) கியர் நீண்ட ஏற்றத்தில் சூடேறும்.

டொயோட்டா ஹையேஸின் கேடிஎச் வான் குடும்பங்களுக்குப் பிடித்தமானது. பின்சக்கர இயக்கம், டீசல், நிறையச் சுமக்கும். ஆனால் அதன் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் பெரிய கதவு. டிரெயிலரைப் பூட்டியபின் அது திறக்குமா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள். கோட்டைக்கு அருகே மழையில் நின்று பையொன்றை எடுக்க டிரெயிலரைக் கழற்ற யாராலும் முடியாது.

என் தெரிவு டபிள் கெப், அதாவது நான்கு கதவுப் பிக்கப்தான். ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் போன்றவற்றுக்கு ஏணி வடிவ இரும்பு அடிச்சட்டம், டர்போ டீசல், தாழ்ந்த கியர், நீண்ட சக்கர இடைவெளி எல்லாம் உண்டு. அண்மைய டீசல் நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸுக்கு ஆஸ்திரேலியாவில் 3500 கிலோ வரை அனுமதி. உங்கள் வண்டியின் எண்ணைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் 900 கிலோ டிரெயிலர் இதற்குப் பெரிய பாரமே இல்லை. பின் இருக்கையில் நிமிர்ந்து உட்காரவேண்டியிருக்கும், அம்மம்மாவை ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பிராடோவும் மொன்டெரோவும் இதைவிட வசதியானவை, விலை கட்டுப்படியானால் தயங்கவேண்டாம்.

ஏழாம் படி: பூட்டும் சாமான்களும் பத்திரங்களும்

டோ பார் வாகனத்தின் அடிச்சட்டத்தில் பூட்டப்பட வேண்டும், பம்பரில் அல்ல. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய டோ பார் கிடைக்கும். ஒட்டு வேலையில் வெடிப்பு இருக்கிறதா, எந்த மாதிரிக்குச் செய்தது, அதில் பொறித்த எடை எல்லை என்ன என்று பாருங்கள். கொழுக்கிக் குண்டு 50 மில்லிமீற்றர். டிரெயிலரின் வாயும் அதே அளவாக இருக்கவேண்டும். சற்றுச் சிறிய குண்டும் உள்ளே அமர்ந்துவிடும், பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கீழே குறுக்காகப் பூட்டுங்கள். பிரேக் விளக்கு, திருப்ப விளக்கு இரண்டும் டிரெயிலரில் எரியவேண்டும். பக்கக் கண்ணாடிக்கு நீட்டிப்பு வாங்குங்கள்.

டிரெயிலருக்குத் தனிப் பதிவு உண்டு. உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகை அந்த எடைக்குப் பொருந்துமா என்பதை வெரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டோ பார் பூட்டியதைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

எட்டாம் படி: கடுகண்ணாவையில் சோதியுங்கள்

கொழும்பின் வீதிகள் தட்டையானவை, அங்கே ஓட்டிப் பார்த்து எதுவும் தெரியவராது. பாவித்த வாகனமென்றால் விற்பவரின் சம்மதத்தோடு, கராஜ்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஐந்து பேரோடு கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போங்கள். குளிரூட்டியைப் போட்டபடியே ஏறுங்கள். வெப்பமானி முள் நடுவைத் தாண்டுகிறதா, கியர் மாறும்போது இழுபடுகிறதா என்று கவனியுங்கள். மேலே திரும்பி, தாழ்ந்த கியரில், பிரேக்கை இடையிடையே தொட்டபடி இறங்குங்கள். கீழே வண்டியை நிறுத்தியதும் சக்கரங்களுக்கு அருகே குனிந்து மணத்தைப் பாருங்கள். டிரெயிலர் இல்லாமலே கருகிய மணம் வந்தால், பிரேக் மிதி முன்பைவிட ஆழமாகப் போனால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.