ஏஐ எழுதும் கணக்குக்கு யார் பொறுப்பு? நெல்லைச் சீமையின் சிறு நிறுவனங்களுக்கு ஒரு கையேடு

அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை அலுவலகம், டவுன் ரத வீதி ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவு, கங்கைகொண்டானில் இயங்கும் ஒரு சிறு சேவை மையம் என்று 10 முதல் 40 பேர் வேலை பார்க்கும் இடங்களுக்காக எழுதியது இது. ஏஐ கருவியை எப்படி இயக்குவது என்று விற்பவர் சொல்லித் தந்துவிடுவார். அது தப்பு செய்யும் நாளில் யார் பதில் சொல்வது, மிச்சமாகும் நேரம் யாருக்கு, யாருடைய வேலை போகும் என்பதையெல்லாம் தலைமையில் இருப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கருவி வருவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

விளக்க வசதிக்கு ஒரு நெல் கொள்முதல் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். விவசாயிகளும் தரகர்களும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். கருவி அதைக் கேட்டு எழுத்தாக்கி, பதிவேட்டில் ஏற்றி, பதிலையும் தயாரிக்கிறது.

முதலில் இருக்கிற வேலையை எழுதுங்கள்

ஐந்து வேலை நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. செய்த வேலை, ஆன நேரம், யாரிடம் கேட்டுச் செய்தார் என்ற மூன்றை மட்டும் எழுதட்டும். வேலையைச் செய்பவரே எழுத வேண்டும். மேலாளர் எழுதினால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது பதிவாகும், எப்படி நடக்கிறது என்பது பதிவாகாது.

இந்த நோட்டில்தான் கண்ணுக்குத் தெரியாத சோலிகள் வெளிவரும். தரகரின் குரலில் தடுமாற்றம் தெரிந்தால் திருப்பிக் கூப்பிட்டு மூட்டைக் கணக்கைக் கேட்கிறவர் இருப்பார். “அவிய வீட்ல சடங்கு வருது, பணத்தை ஒரே தடவையா குடுத்துருங்க” என்று காசாளரிடம் சொல்லிவைக்கிறவர் இருப்பார். எந்தக் கருவியின் விலைப்பட்டியலிலும் இந்த வேலைகளுக்குப் பெயர் இல்லை. இவற்றைப் பார்க்காமல் ஆளைக் குறைத்தால், பதிவேடு சரியாக இருக்கும், நெல் அடுத்த மண்டிக்குப் போய்விடும்.

நோட்டைப் படித்த பிறகு, கருவியிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாதவற்றைத் தனித் தாளில் எழுதி ஒட்டுங்கள். சம்பளம், விடுப்பு, வேலைநீக்கம், கடன் மறுப்பு, கோபமாக வரும் புகாருக்குப் பதில் ஆகிய ஐந்தும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

வேலை போகுமா என்ற கேள்வி

எல்லார் மனத்திலும் இருப்பது இதுதான். நீங்கள் வாய் திறக்காவிட்டால் டீக்கடையில் பதில் தயாராகிவிடும். கருவி வருவதற்கு ஒரு மாதம் முன்பாவது கூட்டிச் சொல்லுங்கள். எந்த வேலை மாறும், யாரும் அனுப்பப்பட மாட்டார்கள் என்ற உறுதி எத்தனை மாதத்துக்கு, அதன் பிறகு என்ன என்பதை மாதக் கணக்கோடு சொல்லுங்கள். “யாருக்கும் ஒண்ணும் ஆகாது” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காப்பாற்ற முடியாத உறுதியைவிட, “ஆறு மாதம் உறுதி, அதன் பிறகு சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்” என்பது எவ்வளவோ மேல்.

இதில் சட்டமும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பு 2020, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்துக்கு முன் தொழிலாளர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. அறிவிப்பு தந்து 21 நாள் கழியாமல் மாற்றத்தைச் செய்யக் கூடாது. உங்கள் நிறுவனத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

பிசானப் பருவ நெல் அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் தொடங்கவே கூடாது. அலுவலகமே மூச்சுவிட முடியாமல் இருக்கும்போது புதுக் கருவியைச் சரிபார்க்க யாருக்கும் கை ஒழியாது. பிசானம் முடிந்து, கார் பருவ நெல் அறுவடை தொடங்குமுன் உள்ள இடைவெளி நல்லது. ஜவுளிக்கடைக்கு இதே கணக்கு தீபாவளி முடிந்த பிறகு வரும்.

மூன்று வாரம் பழைய பதிவேடும் கருவியும் இணையாக ஓடட்டும். அதற்கும் முன்னால் 50 குரல் பதிவுகளைச் சோதனைக்கு எடுங்கள். அம்பை, சங்கரன்கோவில், வள்ளியூர் என்று மூன்று பக்கத்துப் பேச்சும் அதில் கலந்திருக்க வேண்டும். பதிவு அனுப்பியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிழைகளை வெறுமனே எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள்.

எண் பிழைதான் பெருஞ்சேதம் செய்வது. பேச்சில் “எம்பது” என்பதும் “அம்பது” என்பதும் காதுக்கு அருகருகே விழுகின்றன. எண்பது மூட்டை ஐம்பதாகிவிடும். ரகத்தின் பெயரிலேயே எண் இருந்தால் இன்னும் சிக்கல். “அம்பை 16 நாப்பது மூட்டை” என்ற வாக்கியத்தில் எது ரகம், எது எண்ணிக்கை என்று நம் ஊர்க்காரருக்குத் தெரியும். கருவி பதினாறு மூட்டை என்று ஏற்றக்கூடும். அடுத்தது அளவுப் பெயர். வயசானவர்கள் இன்னும் கோட்டை என்ற பழைய நெல் அளவில் பேசுவார்கள். கருவி அதை மதில்சுவர் உள்ள கோட்டையாக எடுத்துக்கொள்ளலாம். பெயர்களிலும் கவனம் தேவை. ஒரே ஊரில் நாலு இசக்கிமுத்து இருப்பார்கள், அப்பா பெயரின் முதலெழுத்து இல்லாமல் பதிவு ஏறக் கூடாது. எதிர்மறையும் தவறும். “லோடு இன்னைக்கு வராது” என்பது இரைச்சலில் “வருது” என்று பதிவானால் லாரிக்கு ஆள் காத்திருக்கும்.

50 பதிவில் எண் பிழை ஒன்று வந்தாலும், மூட்டைக் கணக்கும் பணமும் கருவி எழுதியபடியே போகக் கூடாது. மனிதர் ஒருவர் குரலைக் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே போக வேண்டும்.

சரிபார்ப்பவருக்கு நேரம் கொடுங்கள்

பெரும்பாலான இடங்களில் திட்டம் சறுக்குவது இங்கேதான். “கருவி செய்யும், ஆள் சரிபார்ப்பார்” என்று வாயால் சொல்லிவிடுகிறார்கள், கணக்குப் போடுவதில்லை. நாளுக்கு 240 பதிவு, ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்க்க ஒன்றரை நிமிடம் என்றால் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். ஒருவருடைய முழுநாள் வேலை அது. அதை ஏற்கெனவே எட்டு மணி நேரம் வேலை இருப்பவர் தலையில் கட்டினால் அவர் பார்க்காமலே டிக் அடிப்பார். குறை அவரிடம் இல்லை, வேலையைப் பிரித்தவரிடம் இருக்கிறது. முழுநாள் ஆளை ஒதுக்க முடியாதென்றால், பணம், எடை, ரகம் உள்ள பதிவுகளை மட்டும் முழுதாகவும், மற்றவற்றைப் பத்துக்கு ஒன்றாகவும் பாருங்கள்.

கருவி பெரும்பாலும் சரியாகவே எழுதும்போது கண் தானாகச் சோர்ந்துவிடும், இது மனித இயல்பு. அதனால் மாதம் ஒருமுறை, 100 பதிவில் 5 தவறான பதிவுகளை வேண்டுமென்றே கலந்து வையுங்கள். இப்படிக் கலப்போம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் செய்தால் அது பொறி. அன்று மாலைக்குள் ஐந்தையும் எடுத்துவிட மறக்காதீர்கள். நாலைந்து பிடிபட்டால் நல்லது. இரண்டுதான் பிடிபட்டது என்றால், யார் விட்டார் என்று தேடாமல் எந்த நேரத்தில் விட்டுப்போனது என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகா, கடை அடைக்கும் நேரத்திலா? அந்த நேரத்தில் ஆளை மாற்றுங்கள்.

கருவியை நிறுத்தும் உரிமையும் சரிபார்ப்பவருக்கு வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் அன்றைக்குக் கருவியை ஒதுக்கிவிட்டுப் பழைய பதிவேட்டுக்குப் போகலாம், அதற்காக யாரிடமும் ஏச்சு வாங்க வேண்டியதில்லை என்பதை எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

வயதானவரும் புதியவரும்

போனில் விரல் ஓடும் பிள்ளைக்கு நெல்லின் ஈரம் தெரியாது, ஈரம் தெரிந்த அண்ணாச்சிக்குக் கருவி பிடிபடாது. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, கருவி எழுதியதை அண்ணாச்சி வாசித்துத் தீர்ப்புச் சொல்லட்டும், பிள்ளை திருத்தட்டும். புதிதாகச் சேர்பவர் முதல் ஆறு வாரம் கையாலேயே பதிவு எழுதட்டும். தானே எழுதிப் பழகாதவருக்கு அடுத்தவர் எழுத்தின் பிழை கண்ணில் படாது.

யாருடைய விவரம்

ஆதார் எண், வங்கிப் புத்தகத்தின் படம், பட்டா நகல் எதையும் இலவச ஏஐ செயலிகளில் ஒட்டக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஒருபுறம் இருக்க, நம்பி அனுப்பியவருக்கு அது துரோகம். ஊழியர்கள் நிமிடத்துக்கு எத்தனை பதிவு போட்டார்கள் என்று எண்ணும் வசதி கருவியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். வேகத்தை அளந்தால் வேகம்தான் கிடைக்கும், திருப்பிக் கூப்பிட்டு விசாரிக்கும் பழக்கம் ஒரு மாதத்தில் நின்றுபோகும்.

வாரம் 20 நிமிடம்

சனிக்கிழமை வேலை முடியும் முன் எல்லாரும் உட்காருங்கள். கருவி எங்கே தவறியது, அதனால் யாருக்குச் சிரமம், மிச்சமான நேரம் எங்கே போனது என்ற மூன்றே கேள்விகள். வயதில் இளையவர் முதலில் பேசட்டும், முதலாளி கடைசியில். நம் ஊரில் முதலாளி முதலில் பேசிவிட்டால் “ஆகட்டும் அண்ணாச்சி” என்பதோடு கூட்டம் முடிந்துவிடும். பிழையைச் சொன்னவருக்கு அங்கேயே நன்றி சொல்லுங்கள், அந்தப் பிழையைத் தேதியோடு நோட்டில் ஏற்றுங்கள். மூன்றாவது கேள்விக்கு “இன்னும் அதிக வேலை வந்தது” என்றே நாலு வாரம் தொடர்ந்து பதில் வந்தால், ஐந்தாவது வாரம் ஒருவருக்காவது ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போக வழிசெய்து, அடுத்த வாரம் அடுத்தவருக்கு என்று முறைவைத்து, அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.